பாதுகாப்புக் கருவிகளை வைத்துக்கொண்டே இணையத்தில் சரியாகத் தேடுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான ஓர் இரவில், காரைதீவிலிருந்து எனக்கு மருமகள் முறையான பிள்ளை ஒருத்தி அழைத்து, "மாமா, பெறுபேறு பார்க்கிற பக்கம் திறக்குதில்ல, கூகுள்ல தேடினா தமிழ்நாட்டுப் பிளஸ் டூ ரிசல்ட்தான் வருது" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவள் கையில் இருந்தது அண்ணன் பாவித்த பழைய தொலைபேசி. அதில் 2022 ஆம் ஆண்டில் நிறுவிய, இணைய இணைப்பை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் இலவச வீபீஎன் செயலி ஒன்று, யாரும் நிறுத்தாமல், பின்னணியில் இயங்கிக்கொண்டே இருந்தது. தேடுபொறியின் பார்வையில் அந்தப் பிள்ளை அன்றிரவு காரைதீவில் இல்லை, சிங்கப்பூரில் இருந்து தமிழில் தேடிக்கொண்டிருந்தாள். செயலியை நிறுத்தச் சொன்னேன். சிறிது நேரத்தில் பெறுபேறு அவள் திரைக்கு வந்தது.

பாதுகாப்புக்கென்று நிறுவிய கருவியே தேடலைக் கெடுத்துவிடும் இந்த நிலையை நான் அடிக்கடி காண்கிறேன். இதற்கு எதிரான நிலையும் உண்டு. தேடல் தடைப்படுகிறது என்று எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு, கண்ணில் பட்ட முதல் விளம்பரத்தைச் சொடுக்கி, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்தக் கருவி எந்த ஆபத்தைத் தடுக்கிறது, அதற்கு விலையாகத் தேடலில் எதை எடுத்துக்கொள்கிறது என்பதை யாரும் நமக்கு நிதானமாகச் சொல்லித் தரவில்லை. இணையத்துக்குப் புதியவர்களை மனத்தில் வைத்து, நம் பகுதியில் பெரும்பாலானோர் பாவிக்கும் அன்ரொயிட் தொலைபேசியையும் கைத்தொலைபேசி டேட்டாவையும் அடிப்படையாகக் கொண்டு, இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொலைபேசியில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். முதலில் அமைப்புகளுக்குள் சென்று, செயலிகளின் முழுப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசியுங்கள். வீபீஎன், கிளீனர், பூஸ்டர், அன்ரிவைரஸ் என்ற பெயர்களில் எது இருந்தாலும் அதை யார், எதற்காக நிறுவினார்கள் என்று யோசியுங்கள். தொலைபேசியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் கிளீனர், பூஸ்டர் வகைச் செயலிகளைத் தயங்காமல் நீக்கிவிடலாம். அவை பெரும்பாலும் விளம்பரம் காட்டுவதற்கே இருப்பவை.

வீபீஎன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் தொலைபேசிகளுக்குள் அது வந்து சேர்ந்த விதம் வேறு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரிலும், மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்திலும் நடந்த வன்முறைகளைத் தொடர்ந்து, பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் பல நாட்கள் தடுத்து வைத்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தபோது, உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்கத் துடித்த நேரத்தில் மீண்டும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் மக்கள் கைக்குக் கிடைத்த இலவச வீபீஎன்னை நிறுவினார்கள். அந்த நேரத்தில் அது தேவையாக இருந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தடை நீங்கிய பிறகு செயலியை நீக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றவே இல்லை.

வீபீஎன் செய்வது இதுதான்: உங்கள் தொலைபேசியிலிருந்து புறப்படும் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி, வேறொரு நாட்டிலுள்ள ஒரு சேவையகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இணையத்துக்குள் விடுகிறது. அதனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் டேட்டா நிறுவனத்துக்குத் தெரியாமல் போகும். அதே விபரம் இப்போது வீபீஎன் நடத்துபவருக்குத் தெரியும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம், அவ்வளவே. அந்த இன்னொருவர் யார் என்று அறியாமல் ஒப்படைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒனாவோ என்ற வீபீஎன் நிறுவனத்தை பேஸ்புக் 2013 இல் வாங்கியது. பாதுகாப்புச் செயலி என்று மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அது, பாவனையாளர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைத் திறக்கிறார்கள் என்ற தரவுகளைத் தாய் நிறுவனத்துக்குச் சேர்த்துக் கொடுத்தது. அப்பிள் நிறுவனத்தின் விதிகளோடு முரண்பட்டதால் 2018 இல் அது ஐபோன் செயலிக் கடையிலிருந்து விலக்கப்பட்டது, 2019 இல் முற்றாக மூடப்பட்டது. பெரிய, பெயர் தெரிந்த நிறுவனத்தின் செயலியே இப்படி என்றால், முகவரியே இல்லாத ஒரு நிறுவனத்தின் இலவசச் செயலியை இரவு பகலாக இயங்க விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

தேடலுக்கு அது செய்யும் கெடுதி வேறு. அருகிலுள்ள மருந்தகம் என்று தேடினால் வேறு நாட்டு மருந்தகங்கள் வரக்கூடும். ஒரே சேவையகத்தின் முகவரியை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதால், அங்கிருந்து வரும் கோரிக்கைகளைத் தேடுபொறி சந்தேகித்து, நீங்கள் மனிதர்தானா என்று போக்குவரத்து விளக்குகளையும் சைக்கிள்களையும் திரும்பத் திரும்பத் தெரிவுசெய்யச் சொல்லும். வங்கிச் செயலிகளும் சில உள்நாட்டுத் தளங்களும் வெளிநாட்டு முகவரியிலிருந்து வருபவர்களுக்குத் திறக்க மறுப்பதுண்டு. டேட்டாவும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

ஆகவே, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இலவச வீபீஎன்னை நீக்குங்கள். இன்னொரு முறை தடை வரலாம் என்ற அச்சம் நியாயமானது. அதற்காக ஒன்றை வைத்திருக்க விரும்பினால், நடத்துபவர் யார், எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர், வெளியார் கணக்காய்வு செய்திருக்கிறார்களா என்ற மூன்றையும் வாசித்துவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து ஒன்றை மட்டும் நிறுவி, நிறுத்தியே வைத்திருங்கள். அமைப்புகளில் வலையமைப்பு என்ற பகுதிக்குள் வீபீஎன் என்ற இடத்தைத் திறந்து, 'எப்போதும் இயங்கு' என்ற தெரிவு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்குச் செயலியை நிறுத்திய பின்னும் அது தானாக எழுந்து வருவதற்கு இந்தத் தெரிவுதான் காரணம்.

எப்போதும் இயங்கட்டும் என்று விடக்கூடியவை

தேடலைக் கெடுக்காமல் காவல் நிற்கும் கருவிகளும் உண்டு. அவற்றை ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால் மறந்துவிடலாம். தொலைபேசியையும் உலாவியையும் (குரோம் போன்று இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலி) இற்றைப்படுத்தி வைப்பது, திரைப்பூட்டு, கூகுள் கணக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் நுழையும்போது இரண்டாவது உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரட்டைப் படிச் சரிபார்ப்பு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இவை பற்றி விளக்கம் தேவையில்லை, இன்றே செய்யுங்கள்.

அடுத்தது பலர் அறியாத ஒன்று. ஒரு தளத்தின் பெயரை நீங்கள் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது டீஎன்எஸ் என்னும் சேவை. அந்தச் சேவையை, தீங்கான தளங்களின் பெயர்களைக் கேட்டால் முகவரி தர மறுக்கும் ஒன்றாக மாற்றிக்கொள்ள முடியும். குவாட்9 என்ற இலாப நோக்கற்ற சேவை 2017 முதல் இதை இலவசமாகச் செய்கிறது, அதன் முகவரி 9.9.9.9. கிளவுட்பிளேர் நிறுவனத்தின் 1.1.1.2 தீங்கான தளங்களைத் தடுக்கும், 1.1.1.3 வயது வந்தோருக்கான தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். 2018 இல் வந்த அன்ரொயிட் 9 முதல் 'தனிப்பட்ட டீஎன்எஸ்' என்ற தெரிவு அமைப்புகளிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் எண்ணை ஏற்காது, பெயரைத்தான் கேட்கும். குவாட்9 இன் பெயரை ஆங்கில எழுத்துகளில் டீஎன்எஸ் டொட் குவாட்9 டொட் நெட் என்று இட்டுச் சேமித்தால் போதும். வீபீஎன்னைப் போலன்றி இது உங்களை வேறு நாட்டுக்கு இடம்மாற்றிக் காட்டுவதில்லை, ஆகவே தேடல் முடிவுகள் இலங்கைக்குரியனவாகவே வரும். பயந்து வீபீஎன் பாவிக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான் என்பது என் கருத்து. ஒரேயொரு தொந்தரவு உண்டு. அறுகம்பே விடுதியிலோ பல்கலைக்கழக விடுதியிலோ வைபையில் இணைந்து கடவுச்சொல் கேட்கும் பக்கம் தோன்றாவிட்டால், அந்தச் சில நிமிடங்களுக்கு இதைத் 'தானியங்கி' என்று மாற்றிவிட்டு, நுழைந்ததும் திரும்ப அமைக்க வேண்டும்.

கடவுச்சொல் முகாமையாளரும் இந்த வகையைச் சேர்ந்தது. கூகுள் கணக்கோடு வருவதோ, பிட்வோர்டன் போன்ற தனிச் செயலியோ, எதுவானாலும் சரி. கடவுச்சொல்லை நினைவில் வைப்பது அதன் சிறிய வேலை. பெரிய வேலை, போலித் தளத்தை இனங்காண்பது. உங்கள் வங்கியின் பக்கத்தைப் போலவே நிறமும் சின்னமும் வைத்து ஒருவர் போலிப் பக்கம் செய்தால் உங்கள் கண் ஏமாறலாம், ஆனால் முகவரி வேறு என்பதால் முகாமையாளர் கடவுச்சொல்லை நிரப்பாமல் சும்மா இருக்கும். வழக்கமாகத் தானாக நிரம்பும் இடம் ஒரு நாள் வெறுமையாக இருந்தால், கையால் தட்டத் தொடங்காமல் நிறுத்தி, முகவரியை வாசியுங்கள்.

விளம்பரத் தடுப்பான் இதற்கு அடுத்தது. விளம்பரம் தொந்தரவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தேடல் முடிவுகளின் மேற்பகுதியில் காசு கொடுத்து இடம்பிடிக்கும் போலி நிறுவனங்களைப் பற்றி அமெரிக்காவின் எப்பீஐ 2022 டிசம்பரில் பொது எச்சரிக்கை வெளியிட்டபோது, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பாவிக்குமாறு வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. அன்ரொயிட்டிலுள்ள குரோம் உலாவியில் நீட்சிகளை, அதாவது உலாவியோடு இணைக்கும் சிறு துணைக் கருவிகளை, சேர்க்க முடியாது. பயர்பொக்ஸ் உலாவியில் யூபிளொக் ஒரிஜின் என்ற இலவச நீட்சியைச் சேர்க்கலாம்.

இரண்டு உலாவிகள், இரண்டு வேலைகள்

குரோம் உங்கள் தொலைபேசியிலேயே இருக்கும். அதில் உங்கள் கணக்கோடு நுழைந்து, வங்கி, மின்னஞ்சல், பல்கலைக்கழகப் பதிவு போன்ற உங்கள் பெயரோடு தொடர்புடைய வேலைகளை மட்டும் செய்யுங்கள். பயர்பொக்ஸை நிறுவி, தடுப்பானைச் சேர்த்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், தேடுவதற்கும் வாசிப்பதற்கும் அதைப் பாவியுங்கள். தேடும்போது தவறுதலாக ஒரு தீய பக்கத்துக்குள் போய்விட்டாலும், திருடுவதற்கு அங்கே நுழைந்த கணக்கு எதுவும் இருக்காது. தடுப்பானால் ஏதேனும் பக்கம் உடைந்தாலும் வங்கி வேலை பாதிக்கப்படாது. நான் சொல்லும் எல்லா ஏற்பாடுகளிலும் குறைந்த முயற்சிக்கு அதிக பலன் தருவது இதுவே.

பார்த்த பக்கங்களைத் தொலைபேசியில் பதிந்துவைக்காத மறைநிலைச் சாளரம் (இன்கொக்னிட்டோ) பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அது உங்களை இணையத்தில் மறைப்பதில்லை. டேட்டா நிறுவனத்துக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் நீங்கள் தெரிவீர்கள். குரோமின் மறைநிலையில் இருந்தவர்களின் தரவுகளும் சேகரிக்கப்பட்டன என்று அமெரிக்காவில் 2020 இல் தொடுக்கப்பட்ட வழக்கின் முடிவில், பெருந்தொகைப் பதிவுகளை அழிப்பதற்கு கூகுள் 2024 இல் உடன்பட்டது. ஆனால் அதே தொலைபேசியைப் பாவிக்கும் இன்னொருவரிடமிருந்து அது மறைக்கும், அதுவே அதன் உண்மையான பயன். ஒரே தொலைபேசியை அம்மா, மகள், தம்பி மூவரும் கைமாற்றிப் பாவிக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். தன் உடலில் தோன்றிய ஒரு கட்டியைப் பற்றியோ, மனச்சோர்வைப் பற்றியோ, வீட்டு வன்முறைக்கு உதவி கேட்கும் இலக்கத்தைப் பற்றியோ தேடும் ஒரு பெண்ணுக்கு, அந்தச் சொல் அடுத்த நாள் தேடல் பெட்டியில் தம்பியின் கண்முன் வந்து நிற்காமல் இருப்பது மிகப் பெரிய பாதுகாப்பு. அப்படிப்பட்ட தேடலுக்கு மறைநிலையைத் தயங்காமல் பாவியுங்கள். அத்துடன் கூகுள் கணக்கில் 'வலை மற்றும் செயலிச் செயற்பாடு' என்ற இடத்தில் பழைய பதிவுகள் 3 மாதங்களில் தானாக அழியும்படி அமைத்துவிடுங்கள்.

இடத்தை அறியும் அனுமதியை முழுமையாக மறுப்பதும் தேடலைக் கெடுக்கும். அன்ரொயிட் 12 முதல் 'துல்லியமான' இடம், 'தோராயமான' இடம் என்று இரண்டு தெரிவுகள் உண்டு. உலாவிக்குத் தோராயமானதை, அதுவும் பாவிக்கும்போது மட்டும் என்று கொடுங்கள். களுவாஞ்சிகுடியில் இருப்பவருக்கு அப்பகுதி வைத்தியசாலையைக் காட்ட அது போதும், வீட்டு வாசலைக் காட்டத் தேவையில்லை. கூகுளின் தேடல் அமைப்புகளில் 'முடிவுகளுக்கான பிராந்தியம்' என்ற தெரிவும் உண்டு. அதை இலங்கை என்று ஒரு முறை வைத்துவிட்டால் முடிவுகள் ஊரை விட்டு அதிக தூரம் விலகாது.

எந்தச் சொல்லால் தேடுகிறோம்

எல்லாக் கருவிகளையும் சரியாக அமைத்த பின்னும் தேடல் பிழைக்கிறதென்றால், பிழை பெரும்பாலும் சொல்லில் இருக்கும். இணையத்திலுள்ள தமிழில் மிகப் பெரும் பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. நாம் பொதுவான சொல்லைத் தட்டினால் தேடுபொறி இயல்பாகவே அங்கே போய்விடும். தேர்வு முடிவுகள் என்று தேடினால் தமிழ்நாட்டுப் பள்ளி முடிவுகள் வரும், பரீட்சைப் பெறுபேறு என்று தேடினால் நமது பரீட்சைத் திணைக்களத்தின் பக்கம் நெருங்கும். ஓட்டுநர் உரிமம் அவர்களுடையது, சாரதி அனுமதிப்பத்திரம் நம்முடையது. மருத்துவமனை என்பதற்குப் பதிலாக வைத்தியசாலை என்றும், அலுவலகத்தின் பெயரைப் பிரதேச செயலகம் என்றும், அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களம் என்றும் தேடுங்கள். அரச கடிதத் தலைப்பிலும் விண்ணப்பப் படிவத்திலும் எந்தச் சொல் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுவே சரியான தேடற்சொல். பழைய படிவம் ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

வெள்ளாமை செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் சொல் விடயம் அல்ல. நெற்பயிருக்கு நோய் வந்து, தமிழில் பொதுவாகத் தேடினால், காவிரிப் படுகையின் குறுவை, சம்பா பருவங்களுக்கும் அங்குள்ள ஆடுதுறை இனங்களுக்கும் எழுதப்பட்ட ஆலோசனைகள் முதலில் வரும். சம்மாந்துறை வட்டையில் விதைத்திருப்பது பிஜி 352 ஆகவோ ஏரீ 362 ஆகவோ இருக்கலாம். பிஜி என்பது பத்தலகொடையையும் ஏரீ என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கின்றன, இவை இந்நாட்டு ஆராய்ச்சி நிலையங்களில் உருவான இனங்கள். இன்னொரு நாட்டுப் பருவத்துக்கும் மண்ணுக்கும் எழுதிய அளவைப் பார்த்து உரமோ மருந்தோ இட்டால், அல்லது இங்கே பதிவு செய்யப்படாத மருந்தைத் தேடி அலைந்தால், போகம் முழுவதும் நட்டமாகலாம். ஆகவே தேடற்சொல்லில் பெரும்போகம் அல்லது சிறுபோகம் என்ற சொல்லையும், இனத்தின் பெயரையும், விவசாயத் திணைக்களம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 1920 என்ற விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

தேடுபொறிக்கு இடும் சில குறிகளும் இங்கே உதவும். ஒரு சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். வேண்டாத சொல்லின் முன்னால் இடைவெளியில்லாமல் கழித்தல் குறி இட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். பெறுபேறு தேடும்போது தமிழ்நாடு என்ற சொல்லைக் கழித்துவிடுவது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று செய்துபார்த்தால் தெரியும். ஆங்கில எழுத்துகளில் சைட் என்று தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் கவ் டொட் எல்கே என்று சேர்த்தால் இலங்கை அரச தளங்களுக்குள் மட்டும் தேடலாம். கடைசிப் பகுதியை ஏசி டொட் எல்கே என்று மாற்றினால், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உட்பட நாட்டின் பல்கலைக்கழகத் தளங்களுக்குள் தேடலாம். இந்தக் குறியை நான் பாதுகாப்புக் கருவியாகவும் கருதுகிறேன். அரச தளங்களுக்குள் மட்டும் தேடும்போது, விளம்பரங்களைத் தவிர்த்தால், போலித் தளம் முடிவுகளில் தலைகாட்டுவது அரிது.

பழைய ஆவணங்களைத் தேடுபவர்கள் மனம் தளரும் இடம் ஒன்று உண்டு. எழுத்துகளைத் தமிழாகவே கணினியில் சேமிக்கும் யுனிகோட் முறை பரவலாகும் முன்னர் இலங்கையில் பெருமளவு தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டன. கண்ணுக்கு அது தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் கலவை. ஆகவே தமிழில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. சுற்றறிக்கையாக இருந்தால் அதன் இலக்கத்தையும் ஆண்டையும், வர்த்தமானியாக இருந்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் கொண்டு, தேவையானால் ஆங்கிலத் தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள். ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறையும் ஒன்றல்ல. களுவாஞ்சிகுடியை வீ எழுத்திட்டும் டபிள்யூ எழுத்திட்டும் எழுதுகிறார்கள், சம்மாந்துறையை ஓர் எம் இட்டும் இரண்டு எம் இட்டும் எழுதுகிறார்கள். ஒரு வடிவத்தில் கிடைக்காததை மற்ற வடிவத்திலும் தேடிவிட்டே இல்லை என்று முடிவு செய்ய வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு நேரே சென்று அதன் உள்ளேயே தேடுவது சிறந்தது.

கூகுளுக்குப் பதிலாக டக்டக்கோ பாவிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உங்கள் தேடல்களைச் சேர்த்து உங்களைப் பற்றிய குறிப்பேடு தயாரிக்காத தேடுபொறி அது. ஆங்கிலத்தில் பொதுவான விடயங்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இலங்கைத் தமிழ் விடயங்களுக்கு அதன் முடிவுகள் மெலிந்தவை என்பது என் அனுபவம். நோய், சட்டம், கடன் போன்ற அந்தரங்கமான தேடல்களுக்கு அதையும், உள்ளூர் விடயங்களுக்கு கூகுளையும் பாவிப்பது எனக்கு ஒத்துவருகிறது.

முகவரியை வலமிருந்து வாசியுங்கள்

முடிவுகள் வந்ததும் தலைப்பைச் சொடுக்காதீர்கள். முதலில் 'விளம்பரம்' அல்லது 'ஸ்பொன்சர்' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முகவரியைப் பாருங்கள். பெயருக்குப் பின் வரும் முதலாவது சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்புறமாகத் திரும்பி வாசியுங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு ஒட்டி, முன்னால் ஒரு புள்ளியோடு, கவ் டொட் எல்கே என்று முடிந்தால் அது அரச தளம். கவ் டொட் எல்கே என்பது நடுவில் வந்து, அதற்குப் பின் வேறொரு பெயரும் டொட் கொம் அல்லது டொட் இன்போ என்ற முடிவும் இருந்தால், அது எவரோ ஒருவர் தாம் வாங்கிய பெயருக்கு முன்னால் அரச முகவரியை ஒட்டவைத்த தளம். நலன்புரிக் கொடுப்பனவு, வெளிநாட்டு வேலை, இலவச டேட்டா என்று வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இணைப்புகளில் இந்த உத்தியை அடிக்கடி காணலாம். டொட் எல்கே என்று வெறுமனே முடிவது மட்டும் அரச தளம் என்பதற்குச் சான்றாகாது, அப்பெயரை எவரும் பதிவு செய்து வாங்கலாம். அதே நேரம் பரீட்சைத் திணைக்களத்தின் டோஎனெட்ஸ் டொட் எல்கே போன்று, கவ் இல்லாத உண்மையான அரச தளங்களும் உண்டு. அப்படியானவற்றை வேறொரு அரச தளத்திலுள்ள இணைப்பின் வழியாகச் சென்று உறுதிசெய்யலாம், அல்லது 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நம்பும் பழக்கத்தைக் கைவிடுங்கள். உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான பாதை மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள், மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதல்ல. 2015 முதல் அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் திருடர்களும் பூட்டு வைத்திருக்கிறார்கள். மக்கள் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே குரோம் 2023 இல் பூட்டுச் சின்னத்தை வேறொரு சின்னமாக மாற்றியது.

இணைப்பு ஒன்றில் சந்தேகம் வந்தால் அதைத் திறக்காமல் பிரதி செய்து, வைரஸ்டோட்டல் தளத்தில் ஒட்டிப் பரிசோதிக்கலாம். ஆனால் உங்கள் அடையாள அட்டையோ வங்கிக் கூற்றோ அடங்கிய கோப்புகளை அங்கே ஏற்றிவிடாதீர்கள், ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு ஆய்வாளர்களுடன் பகிரப்படுகின்றன. வங்கியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கவே கூடாது, அட்டையின் பின்புறத்திலோ சேமிப்புப் புத்தகத்திலோ உள்ளதையே பாவிக்க வேண்டும். செயலி தேவையென்றால் தேடுபொறியில் தேடாமல் பிளே ஸ்டோருக்குள் தேடுங்கள். ஜிபி வட்ஸ்அப் போன்ற திருத்தப்பட்ட செயலிகள் அங்கே கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது.

பக்கம் திறக்காதபோது

உண்மையான தளமே சில வேளை திறக்காது, அல்லது 'சமர்ப்பி' என்ற பொத்தான் வேலை செய்யாது. அந்த எரிச்சலில் எல்லாக் காவலையும் ஒரேயடியாக அணைத்துவிடுகிறார்கள், பின்னர் எதையும் திரும்ப இயக்குவதில்லை. ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் பக்கத்தை மீள ஏற்றுங்கள். அடுத்து விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள், யூபிளொக் ஒரிஜினில் பெரிய மின்பொத்தான் சின்னம் அதற்குரியது. அதிலும் சரிவராவிட்டால் வீபீஎன் இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் பின் அதே முகவரியை குரோமில் திறந்துபாருங்கள். கடைசியாகத் தனிப்பட்ட டீஎன்எஸ்ஸைத் தற்காலிகமாகத் தானியங்கிக்கு மாற்றுங்கள், ஆனால் தீங்கான தளம் என்று அது மறுத்திருக்கவும் கூடும் என்பதால், முகவரியை மறுபடி வலமிருந்து வாசித்துவிட்டே இதைச் செய்யுங்கள். எந்தப் படியில் பக்கம் திறந்ததோ அந்தக் கருவிதான் காரணம். வேலை முடிந்ததும் அதை மீண்டும் இயக்குங்கள். பெறுபேறு வெளியாகும் இரவுகளில் மட்டும் இவை எதுவும் இல்லாமலே தளம் திணறும், நாடு முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதால் ஏற்படும் நெரிசல் அது. கருவிகளோடு போராடாமல் சற்றுப் பொறுத்திருந்து முயலுங்கள்.

கொமினிகேசன் கடையில்

வீட்டில் அச்சுப்பொறி இல்லாததால் விண்ணப்பங்களை நிரப்பவும் அச்சிடவும் நாம் கொமினிகேசன் கடைக்குப் போகிறோம். கல்முனையில் ஒரு கடையில், எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவரின் மின்னஞ்சல் திறந்தபடியே கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். கடைக்காரத் தம்பியும் அதைக் கவனிக்கவில்லை. இயன்றவரை தேடுவதையும் படிவத்தை நிரப்புவதையும் உங்கள் தொலைபேசியிலேயே முடித்து, அச்சிடும் வேலையை மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்குள்ள கணினியில் நுழைந்தே ஆக வேண்டுமென்றால் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லி, முடிந்ததும் வெளியேறிச் சாளரத்தை மூடுங்கள். கோப்பைக் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், அச்சிட்டதும் 'எல்லோருக்கும் அழி' என்ற தெரிவால் உங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, கணினியின் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் அழிக்குமாறு தம்பியிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பெரும்பாலானோர் உடனே அழித்துத் தருகிறார்கள்.

ஏமாற்றப்பட்டுவிட்டதாகத் தெரிந்தால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள், பிறகு வேறொரு தொலைபேசியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதன் பின் 101 என்ற இலக்கத்தில் இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். வந்த செய்தியையும் இணைப்பையும் வெட்கத்தில் அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருங்கள்.

ஒரு முறை சரிபார்த்து உறுதிசெய்த முகவரியை உடனே புத்தகக்குறியாகச் சேமிப்பது இறுதிப் படி. என் அம்மாவின் தொலைபேசி முகப்பில் அவர் பாவிக்கும் ஆறு தளங்களுக்குக் குறுக்குவழி வைத்திருக்கிறேன்: மின்கட்டணம், வங்கி, வளிமண்டலவியல் திணைக்களம், பிரதேச செயலகம், தொலைபேசி மீள்நிரப்பு, தேவாரம் கேட்கும் பக்கம். கார்த்திகை மழை தொடங்கி வாவி பெருகும் நாட்களில், கனமழை எச்சரிக்கை உண்மையா பொய்யா என்று வட்ஸ்அப் குழுவைப் பார்த்துப் பதறாமல், அவர் மூன்றாவது சின்னத்தைத் தொட்டுத் தானே வாசித்துக்கொள்கிறார்.